இசை வரலாறு படிக்க எங்கே சேரலாம்? திருவொற்றியூரிலிருந்து ஒரு கணக்கு

பாடகர் ஆவதற்கு எங்கே போகலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். இசையின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்றால் பதில் வருவதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எட்டுகிற தூரத்தில் நான்கு வாசல்கள் இருக்கின்றன: கிரீன்வேஸ் சாலையில் அரசு இசைக் கல்லூரி, பாரிமுனையில் தமிழ் இசைக் கல்லூரி, அரும்பாக்கத்தில் ஏ.ஆர்.ரகுமானின் கே.எம். கன்சர்வேட்டரி, அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை.

எதில் சேர்வது என்று முடிவு செய்ய நான் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்தது. அந்தக் காலத்தில் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு மூத்த மகன், கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர், சாகித்யம் (பாடல் வரிகள்) போட்டார். நோட்டுஸ்வரம் என்று சொல்கிறோமே, அவைதான். சுமார் 40 இருக்கின்றன. 'சந்ததம் பாஹிமாம்' பாடிப் பாருங்கள், பிரிட்டிஷ் தேசிய கீதமான 'காட் சேவ் த கிங்' மெட்டு அப்படியே வரும். தம்பி பாலுசாமி ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். சரி, இந்த மணலி சங்கதியை எந்த வகுப்பறை எப்படிக் கையாளும்?

அரசு இசைக் கல்லூரி 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. கட்டணம் குறைவு, குருமார்கள் மேடை கண்டவர்கள். ஆனால் அங்கே பாட்டும் வாத்தியமும்தான் மையம். வரலாறு அதன் கூடவே வரும். சிலப்பதிகாரம், சங்கீத ரத்னாகரம் என்ற பழைய இசை நூல், வேங்கடமகியின் 72 மேளம் (தாய் ராகங்கள்), மும்மூர்த்திகளின் வாழ்க்கை என்று வரிசையாகப் படிக்கலாம். இந்த மாதிரி பாடத்தில் மணலி ஒரு சிறு குறிப்பாகத்தான் நிற்கும். நோட்டுஸ்வரத்தை வாயால் பாடிப் பழகிவிடலாம் என்பது இதில் லாபம். பாடத் தெரியாத வரலாற்றுக்காரரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

தமிழ் இசைக் கல்லூரியைப் பற்றி நம் ஊரில் போதிய பேச்சே இல்லை என்பது என் ஆதங்கம். அது இயங்கும் ராஜா அண்ணாமலை மன்றம் உயர்நீதிமன்ற மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். கல்லூரியை நடத்தும், 1943இல் உருவான தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்திவருகிறது. சுந்தரர் திருவொற்றியூரில் பாடிய 'அழுக்கு மெய்கொடு' பதிகத்தின் பண் தக்கேசி; ஓதுவார்கள் இன்று அதைக் காம்போதி ராகத்தில் பாடுகிறார்கள். தக்கேசி காம்போதி ஆனது எப்போது, யார் சொல்லி? இந்த மாதிரிக் கேள்விகளை வித்வான்களும் ஓதுவார்களும் எதிரெதிரே உட்கார்ந்து விவாதித்த இடம் அது. தேவாரத்திலிருந்து தொடங்க ஆசைப்படுகிறவர் அதைத் தாண்டித் தெற்கே போக வேண்டியதில்லை. மணலிக் கேள்விக்கு விடை தேடுகிறவருக்கு அது போதாது.

கன்சர்வேட்டரி 2008இல் வந்தது. செலவு கூடுதல், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. மெட்ரோவில் சென்ட்ரலில் மாறினால் அரும்பாக்கம் வரை ஒரே டிக்கெட். மேற்கத்திய முறையில் இசை வரலாறு என்றாலே முன்னால் ஸ்வரத்தாளை விரித்துவைத்துக்கொண்டு கேட்பதுதான். பாக் இறந்த 1750ஐ ஒரு எல்லைக்கல்லாக வைப்பார்கள். அதற்கு முந்தியது பரோக், பிந்தியது கிளாசிகல் என்று ஒலியிலேயே காது பிரித்தறியப் பழகும். நம் பிள்ளைகளிடம் குறைவது இந்தக் காதுதான். பேண்டு மெட்டில் எதைத் தீட்சிதர் அப்படியே விட்டார், சாகித்யத்தின் நெடில் குறில் எங்கே தாளத்தை இழுக்கிறது என்று பார்க்க அந்தப் பயிற்சி கைகொடுக்கும். ஆனால் சங்கராபரண ராகத்தை வெறும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலாகவே பார்த்துப் பழகிவிடுகிற ஆபத்தும் இதில் உண்டு.

என் ஓட்டு பல்கலைக்கழகத்துக்கு. பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி வளர்த்த துறை அது. எம்.ஏ., அதற்குப் பிறகு முனைவர் பட்டம் என்று போகும்போதுதான் "அப்படிச் சொல்கிறார்கள்" என்பதற்கும் "இந்தச் சுவடியில் இருக்கிறது" என்பதற்கும் உள்ள தூரம் உறைக்கும். மணலிக் கதையில் எதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது, எது பிற்காலத்து வாய்மொழி என்று பிரிக்க வேண்டியது ஆய்வு மாணவர்தான். கானாவைப் பற்றி எழுத விரும்புகிற காசிமேட்டுப் பிள்ளைக்கும் இதையே சொல்வேன். சாவு வீட்டில் விடிய விடியப் பாடியதை யாரும் ஸ்வரப்படுத்தி வைக்கவில்லை. பாடியவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வுமுறை வேண்டும்.

ஒரு சிக்கல்: அங்கே சேர முதலில் ஒரு பட்டம் வேண்டும், பாட்டோ வாத்தியமோ கையில் இருக்க வேண்டும். ஆகவே பிளஸ் டூ முடித்தவர் இளங்கலையை இசையிலோ வரலாற்றிலோ முடித்துக்கொண்டே பாரிமுனைக்கும் போய்வரலாம். காசு இருந்தால் மேற்கத்திய ஸ்வரக்குறிப்பு வாசிக்க ஒரு குறுகிய வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கே சேர்வதானாலும், பணம் கட்டுவதற்கு முன் இசை வரலாற்றுத் தாளின் பழைய வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். எல்லாமே 'சிறு குறிப்பு வரைக' என்று இருந்தால் மனப்பாடம் செய்யத் தயாராகப் போங்கள். 'ஒப்பிட்டு விவாதிக்க' என்று இரண்டு கேள்வியாவது இருந்தால் தைரியமாகச் சேரலாம்.