காந்தி நகரா, சத்துவாச்சாரியா, பாகாயமா?

வேலூரில் வீடு காட்ட வரும் புரோக்கர் தரை டைல்ஸில் ஆரம்பித்து மாடுலர் கிச்சனில் முடிப்பார். நாம் கேட்க வேண்டியவை வேறு. பாலாற்றுக்கு எந்தக் கரை? நெடுஞ்சாலைக்கு எந்தப் பக்கம்? மே மாதத்தில் போர்வெல்லில் தண்ணீர் நிற்குமா?

காட்பாடி காந்தி நகரின் பலம் ரயில். சென்னை – பெங்களூரு பாதையில் போகும் முக்கிய ரயில்களில் பெரும்பாலானவை காட்பாடி சந்திப்பில் நிற்கும். வாரக் கடைசியில் மட்டும் வீடு திரும்புகிறவர் குடும்பத்தில் இருந்தால், மற்ற இரண்டு இடங்களையும் போய்ப் பார்க்கவே வேண்டாம். தெருக்கள் நேராக இருக்கும்; கடை கண்ணிக்கும் குறைவில்லை. ஆனால் பக்கத்திலேயே விஐடி பல்கலைக்கழகம் இருப்பதால் சின்ன போர்ஷனுக்குக்கூட மாணவர்கள் போட்டிக்கு வருவார்கள், வாடகையும் அதற்கேற்ப ஏறும். டவுனில் இருக்கும் சிஎம்சி மருத்துவமனைக்குப் போக பாலாற்றுப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். காலை நெரிசலில் அது எரிச்சலான பயணம். தண்ணீரில்லாத ஆறு என்று ஊரே கேலி செய்யும் இந்தப் பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. அதனால் கரையோர மனை மலிவாகக் கிடைக்கிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

சத்துவாச்சாரி டவுன் இருக்கும் கரையிலேயே இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட் எல்லாம் இங்கேதான். புதிய பஸ் ஸ்டாண்டும் தூரமில்லை. ஹவுசிங் போர்டு பகுதியில் சாலை அகலமாக இருக்கும், பழைய வீடுகளில் மரமும் நிழலும் உண்டு. குறை என்றால் ஊரை இரண்டாகப் பிளந்து ஓடும் நெடுஞ்சாலைதான். வீடு ஒரு பக்கம், பிள்ளைகளின் பள்ளி மறுபக்கம் என்றால் தினமும் யாராவது கொண்டுபோய் விட்டு, கூட்டிவர வேண்டும். சர்வீஸ் ரோட்டை ஒட்டிய வீடு விளம்பரத்தில் அழகாகத் தெரியும். ராத்திரி லாரிச் சத்தத்தில் தூக்கம் வராது. நாலு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள்.

பாகாயம் அமைதியான இடம். சிஎம்சியின் மருத்துவக் கல்லூரி வளாகம் இருப்பதால் பச்சைக்குப் பஞ்சமில்லை, ஓட்டேரி ஏரியும் அருகில். காட்பாடி வரை போகும் 1, 2 எண் பேருந்துகள் இங்கிருந்து கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். வயதானவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ரயிலுக்கு மட்டும் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். ஸ்ரீபுரம் பொற்கோயில் இந்தப் பக்கம் இருப்பதால் விடுமுறை நாட்களில் வண்டிகள் கூடும்.

தண்ணீரைப் பொறுத்தவரை மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சம்ப் எவ்வளவு கொள்ளும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், ஓனரிடம் வேண்டாம். அப்புறம், மாடி வீடென்றால் மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் தளம் எப்படிக் கொதிக்கும் என்று அப்போதுதான் புரியும்.

என்னைக் கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு சத்துவாச்சாரியின் உள்தெருக்கள். ரிட்டயர் ஆன தம்பதிக்குப் பாகாயம், அதுவும் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில். காந்தி நகருக்கு அந்தக் கூடுதல் வாடகை, வாரா வாரம் ரயில் ஏறுகிறவருக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.