மெயில் சர்வர் போட ஆள் வைக்கிறவர்கள் மீதிப் பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கோத்தகிரியில் சின்ன அளவில் தேயிலை செய்து வெளியூருக்கு அனுப்புகிறோம், விலைப்பட்டியல், பில் எல்லாம் மெயிலில்தான். எங்கள் பெயரிலேயே மெயில் இருக்கட்டும் என்று கோவையிலிருந்து ஒருவரை வரவழைத்து 28,000 ரூபாய் கொடுத்து சர்வர் போட்டோம். அதில் வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலுக்கு மட்டும் தனியாக 6,000. நம்பிக் கொடுத்தேன்.

மூன்றாவது மாதம் சென்னை வாடிக்கையாளர் போன் செய்து, விலை அனுப்புகிறேன் என்றீர்களே, வரவே இல்லையே என்றார். பார்த்தால் அனுப்பியதெல்லாம் திரும்பி வந்திருக்கிறது, எங்கள் சர்வரின் ஐபி (இணைய முகவரி எண்) ஸ்பேம் அனுப்புகிறவர்களின் தடைப்பட்டியலில். சர்வர் போட்டவரைக் கேட்டால், "மலையில நெட் ஸ்லோ சார், அதான்" என்கிறார். சர்வர் இருப்பது மும்பை டேட்டா சென்டரில்! அதன் பிறகு போனே எடுக்கவில்லை.

அக்கா மகனிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் முதலில் கேட்டதே, "மாமா, இதுல டெல்நெட் எதுக்கு ஓடுது? யாரு கேட்டா?" என்றுதான். ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்று ஒரு வாசல் எண் உண்டு: தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் பழைய வழியான டெல்நெட் 23, ஃபைல் அனுப்பும் எஃப்டிபி 21, பிற சேவைகளுக்கு வழிகாட்டும் ஆர்பிசிபைண்ட் 111, டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 3306, பிரிண்டருக்கான 631 கூட ஓடிக்கொண்டிருந்தது, எல்லாமே உலகத்துக்கே திறந்து. டெல்நெட்டிலும் சாதாரண எஃப்டிபியிலும் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும். ஃபயர்வாலில் ஒரு விதிகூட இல்லை.

ஆனால் எங்களைக் கவிழ்த்தது வேறு. எங்கள் பிராட்பேண்டு ஐபி அடிக்கடி மாறுவதால் ஆபீஸிலிருந்து மெயில் போகவில்லை என்று முதல் வாரம் புகார் சொல்லியிருந்தேன், ஐந்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன் என்றார். என்ன செய்திருக்கிறார் தெரியுமா, மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில், எந்த ஐபிகளை நம்பலாம் என்று சொல்லும் மைநெட்வொர்க்ஸ் வரியில் 0.0.0.0/0 என்று போட்டுவிட்டார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு இல்லாமல் எங்கள் சர்வர் வழியாக மெயில் அனுப்பலாம் என்று அர்த்தம். அனுப்பினார்கள், ஆயிரக்கணக்கில். 587 போர்ட்டிலோ 465-இலோ லாகின் வைத்து அனுப்பச் சொல்லியிருந்தால் ஐபி மாறுவது ஒரு பிரச்சினையே இல்லை.

எங்களைப் போன்ற மெயில் சர்வருக்கு வெளியே திறந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான்: மற்ற சர்வர்களிடமிருந்து மெயில் வர 25, நாம் அனுப்ப 465 அல்லது 587, படிக்க 993. சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் எஸ்எஸ்எச், பாஸ்வேர்டு இல்லாமல் சாவி ஃபைல் வைத்து மட்டும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க 80 தேவைப்படலாம். மைஎஸ்க்யூஎல் இருந்தே ஆகவேண்டும் என்றால் 127.0.0.1-இல், அதாவது அந்தச் சர்வருக்குள் மட்டும், கேட்கட்டும். தேவையில்லாததை ஃபயர்வாலில் மறைத்தால் மட்டும் போதாது, சேவையையே நிறுத்தி, மறுபடி பூட் ஆனாலும் எழாதபடி செய்து, முடிந்தால் நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒருநாள் ஃபயர்வாலை அணைத்ததும் எல்லாம் திரும்ப வெளியே தெரியும்.

அதனால் பணம் கொடுக்கும் முன் எந்தெந்த போர்ட் எதற்காகத் திறந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். அப்புறம் சர்வருக்குள்ளிருந்து இல்லாமல் வெளியே வேறு நெட்டிலிருந்து, திறந்த போர்ட்களைக் கண்டுபிடிக்கும் என்மேப் ஓட்டி, 65,535 போர்ட்டையும் உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ஓபன் ரிலே (யார் வேண்டுமானாலும் நம் சர்வர் வழியாக மெயில் அனுப்பும் நிலை) இல்லை என்பதையும் சோதித்துக் காட்டட்டும். நான் இது எதையும் கேட்காமல் முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டேன். இப்போது எல்லாம் அடைத்தாயிற்று, பட்டியலிலிருந்தும் பெயர் போய்விட்டது, ஆனால் அந்தச் சென்னை ஆர்டர் வேறு கைக்குப் போய்விட்டது.