உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம்: எந்தக் கோட்டைப் பார்ப்பது?

ஒரு நாட்டில் விளையும் உபரி யார் கைக்குப் போகிறது என்று பார்க்க, இலவசமாகக் கிடைப்பதில் இதுதான் முதல் தரம். பாரிஸின் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் நடத்துகிறது. ஆனால் திறந்ததும் கண்ணில் படுகிற வரைபடக் கோட்டை வைத்தே நாடுகளை ஒப்பிட்டால் சறுக்கிவிடும்.

பெரும்பாலும் காட்டப்படுவது வரிக்கு முந்தைய வருமானம். ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்பீடு இரண்டும் இதில் சேர்ந்துவிடும். வருமான வரியும் மற்ற உதவித்தொகைகளும் சேராது. அரசு எவ்வளவு பகிர்ந்தளிக்கிறது என்பது ‘வரிக்குப் பிந்தைய’ கோட்டில்தான் தெரியும்.

சுவீடனை எடுங்கள். வருமானத்தில் சமத்துவத்துக்குப் பேர்போன நாடு. செல்வத்துக்கு (சேர்த்து வைத்த சொத்துக்கு) மாற்றினால் படமே வேறு. வாரிசு வரி 2004இலும் செல்வ வரி 2007இலும் போய்விட்டன. இன்னொன்று, அரசு தர வேண்டிய எதிர்கால ஓய்வூதியத்தை இந்தத் தளம் தனிநபர் செல்வமாகக் கணக்கிடுவதில்லை. முதுமைக்கென்று சேமிக்கத் தேவையில்லாத நடுத்தரக் குடும்பம் இங்கே ஏழையாகத் தெரியும்.

சீனாவுக்கு மேல்தட்டு 10 சதவீதத்தின் பங்கை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். தேசியச் செல்வத்தில் அரசின் பங்கு 1978இல் சுமார் 70%. 2015இல் சுமார் 30%. உபரியின் உரிமையே கைமாறியது அங்கேதான்.

இந்தியாவில் 2022-23இல் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் வருமானத்தில் 22.6%, செல்வத்தில் 40.1%. உலக வங்கியின் கினி (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்; 0 என்றால் முழுச் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடமே) 25.5 என்று காட்டி “நாம் சமத்துவ நாடு” என்பவர்களுக்கு ஒன்று: அது வருமானத்தை அல்ல, குடும்பங்களின் செலவைக் கேட்கும் கணக்கெடுப்பிலிருந்து வந்த எண். இந்தத் தளத்தின் வருமானக் கினி 2023க்கு 62. இரண்டையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது. அதே சமயம், 2000த்தை ஒட்டி, இந்தத் தளம் நம்பியிருக்கும் இந்திய வருமான வரிப் புள்ளிவிவர வெளியீடு நின்று, 2012 வாக்கில்தான் தரவு மீண்டும் தொடங்குகிறது. நடுவில் வழுவழுப்பாக ஓடும் கோடு மதிப்பீடுதான். இந்த எச்சரிக்கையை வரைபடத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கலாம். குறிப்புகளுக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

பதிவிறக்கும் முழு நாட்டுக் கோப்பை எக்செலில் திறந்தால் எல்லாம் ஒரே பத்தியில் குவியும். பிரிப்பான் காற்புள்ளி அல்ல, அரைப்புள்ளி. இறக்குமதியில் அதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பிலுள்ள வயதுக் குறியீட்டில் 992 என்றால் 20 வயதுக்கு மேற்பட்டோர், 999 என்றால் எல்லா வயதினரும். குழந்தைகள் அதிகமுள்ள நாட்டில் 992க்குப் பதில் 999ஐ எடுத்தால் தலா வருமானம் கணிசமாக இறங்கிவிடும்.