கூத்தா, கோடை விழாவா?

"ஆட்டம், பாட்டு, சிரிப்புன்னு வெட்டவெளியில ஒரு நிகழ்ச்சி பார்க்கணும் மாமா, பிள்ளைங்களோட எங்க போலாம்?" என்று மச்சான் கேட்டார். சேலத்துக்காரர்களுக்கு இரண்டு வழி: ஊர்த் திருவிழாத் தெருக்கூத்து, இல்லையென்றால் ஏற்காடு கோடை விழா மேடை.

செலவு: கூத்துக்கு டிக்கெட் கிடையாது. நொறுக்குத் தீனியான தட்டுவடை செட்டுக்குச் சில்லறை போதும்.
ஏற்காட்டில் வண்டியும் ரூமும்தான் காசைத் தின்னும்.

பயணம்: கூத்து, நடக்கிற தூரம்.
மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவு. என் சின்னவள் பாதியிலேயே வாந்தி எடுப்பாள்.

நேரம்: கூத்து ராத்திரி தொடங்கி விடியும்வரை.
மேடை நிகழ்ச்சி தூங்கும் நேரத்துக்குள் முடியும்.

சிரிப்பு: இதில் கூத்தை அடிக்க ஆளில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்தால் ராஜா வேஷக்காரரும் தப்ப முடியாது, முன்னால் உட்கார்ந்து குறட்டை விடும் தாத்தாவும் தப்ப முடியாது. பாரதக் கதைக்கு நடுவே தெருக்குழாயில் தண்ணீர் வராத கதையும் நுழையும். ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். நடுநடுவே பேச்சு கொஞ்சம் கொச்சையாகும். எங்கள் அத்தை அப்போது மட்டும் வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.
ஏற்காட்டில் ஆட்டமும் பாட்டும் கலந்து வரும், முழுக்கதை எதிர்பார்க்காதீர்கள்.

கையில்: கூத்துக்கு ஜமுக்காளம். ஏற்காட்டின் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஸ்வெட்டர்.

கைக்குழந்தை இருந்தாலோ, மலர்க் கண்காட்சியும் படகும் வேண்டுமென்றாலோ ஏற்காடு. வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டுமென்றால் கூத்து. மத்தியானமே பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடுங்கள்.