டாகெட்: டிசர்டேஷனுக்கு இன்டர்வியூ கோடிங் பண்றவங்களுக்கு

எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) ரெண்டாவது வருஷம், திருப்பூர் பனியன் கம்பெனில வேலை பாக்குற பொம்பளைங்க 12 பேர்கிட்ட இன்டர்வியூ எடுத்து டைப் பண்ணி முடிச்சா 140 பக்கம், அத வச்சு என்ன பண்றதுன்னே தெரியாம ரெண்டு வாரம் உக்காந்திருந்தேன். காசு கட்டி ஒரு ஒர்க்‌ஷாப் போனேன், ரெண்டு நாளும் பிபிடி தான், ஒரு டிரான்ஸ்கிரிப்ட் கூட கையில குடுத்து படிக்க வைக்கல. சீனியர் அக்கா தான் டாகெட் போட்டுப் பாருன்னாங்க.

இன்டர்வியூவ வரிவரியா படிச்சு, எதப் பத்திப் பேசுதுன்னு டேக் போட்டு பிரிக்கிறதுக்கான சாஃப்ட்வேர் இது, அப்படிப் பிரிக்கிறதத்தான் கோடிங்னு சொல்றது. ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். நம்ம லேப்டாப்லயே போட்டுக்கிட்டா ஃபைல் வெளிய எங்கயும் போகாது, உங்க பேர் வெளிய வராதுக்கான்னு வாக்கு குடுத்துட்டு வந்த எனக்கு அதுவே பெரிய நிம்மதி. வேர்ட், பிடிஎஃப் ஏத்தி, வரிய செலக்ட் பண்ணி டேக் போடணும், அவ்ளோதான். அப்புறம் ஒரு டேக்க கிளிக் பண்ணா அத்தன பேர் பேசினதும் ஒரே இடத்துல வந்து நிக்கும்.

அங்கதான் நான் மாட்டுனேன். ஓவர்டைம் பத்தி கேட்டப்ப நிறைய பேர் "பரவால்லீங்க கண்ணு"ன்னாங்க, நானும் ‘திருப்தி’ன்னு டேக் போட்டுக்கிட்டே போயிட்டேன். சேத்து வாசிச்சா, பாதிக்கு மேல அடுத்த வரி "வேற என்ன பண்றது". ஒரு அக்காவோட ரெக்கார்டிங்க திரும்பக் கேட்டேன், அந்த வார்த்தைக்கு முன்னாடி ரொம்ப நேரம் பேசவே இல்ல, பின்னாடி தையல் மெஷின் சத்தம் மட்டும் ஓடுது. டைப் பண்ணும்போது அந்த மௌனத்த நான் விட்டுருந்தேன். டேக்க ரெண்டாக்கி 12-யும் முதல்லேருந்து படிச்சேன். எனக்கு குவாலிடேட்டிவ் ஆராய்ச்சின்னா (நம்பர் இல்லாம, ஆளுங்க பேச்ச வச்சுப் பண்றது) என்னன்னு புரிஞ்சது அன்னிக்குத்தான்.

தீம் (பல டேக்குக்கும் பொதுவா ஓடுற கருத்து) எதுவும் இது எடுத்துக் குடுக்காது, அது சரிதான். தீம் தானா வெளிய வராது, ஆராய்ச்சி பண்றவங்க தான் உருவாக்குறாங்கன்னு இந்த மாதிரி தீம் ஆய்வு முறைய எழுதின பிரானும் கிளார்க்கும் 2006-லயே சொல்லிட்டாங்க. ஆடியோ, வீடியோ ஏத்த முடியாது, டெக்ஸ்ட் மட்டும்தான். பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ண ஃபைல்னா முதல்ல யூனிகோடுக்கு மாத்திடுங்க, இல்லன்னா ஒண்ணும் படிக்க முடியாது.

டேக் உருவாக்கும்போதே டிஸ்கிரிப்ஷன்ல அது எதுக்கு, எதுக்கு இல்லன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. நான் அந்த கோட்புக்க (டேக், டிஸ்கிரிப்ஷன் எல்லாம் சேந்த லிஸ்ட்) எக்ஸ்போர்ட் பண்ணி அப்படியே அப்பெண்டிக்ஸ்ல வச்சேன், வைவால முதல் கேள்வியே அந்த ‘பரவால்லீங்க’ பத்தித்தான்.