மலையில் இருவழியா, ஒதுங்கிடம் விட்ட ஒற்றைவழியா?

மலையூரான வட்டவடையின் பூண்டும் கேரட்டும் அழுகாமல் மூணாறு இறங்க வேண்டும். எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ராத்திரி பிரசவ வலி கண்டால் ஜீப் வாசல்வரை வர வேண்டும். ரோடு தேவை என்பதில் இரண்டு பேச்சில்லை. 7 மீட்டர் இருவழியா, 3.75 மீட்டர் ஒற்றைவழியா என்பதில்தான் வழக்கு.

இருவழியின் லாபம் தெரிந்ததே: பஸ் தடங்கலின்றி ஓடும், சுற்றுலா வண்டி வரும், கடை பிழைக்கும். போடிமெட்டு–மூணாறு போல மாநிலம் தாண்டும் பாதைக்கு அது வேண்டியதுதான். எஸ்டேட்டுக்கும் பழங்குடி ஊர்களான குடிகளுக்கும் பிரியும் கிளைப் பாதைக்கு ஒற்றைவழியே என் கட்சி. ஊருக்கான நன்மையில் பெரும்பங்கு முதல் 3.75 மீட்டரிலேயே கிடைத்துவிடுகிறது.

மண் கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி சரிவில், மலைப்பக்க வடிகால் ஓடையும் ரோட்டோரமும் சேர்த்து 5 மீட்டர் தளத்தை முழுக்க மலையைச் செங்குத்தாக வெட்டி எடுத்தால், மீட்டர் நீளத்துக்குச் சுமார் 7 கன மீட்டர் மண் வரும். 10 மீட்டர் தளத்துக்கு 14 அல்ல, 29. வெட்டுமுகத்தின் உயரம் 2.9 மீட்டரிலிருந்து 5.8 ஆகும். அத்தனையையும் டிப்பரில் ஏற்றிப்போகக் காசு வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் தள்ளுவார்கள், அது கீழே நீரோடையை அடைக்கும், ஏலத்தோட்டத்தை மூடும். போடிமெட்டு–மூணாறு பாதையில் அகலப்படுத்தும் வேலை நடந்த கேப் ரோட்டில் 2019-லும் 2020-லும் பாறை சரிந்து வழி அடைந்தது. (சரிவுக்கு மழை, பாறையின் பிளவு எல்லாம் சேர்ந்த காரணம், மலையை வெட்டியதை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.)

ஒற்றைவழி என்றால் எதிர்வண்டிக்கு வழிவிட கிலோமீட்டருக்கு 2, 3 ஒதுங்கிடம்: 30 மீட்டர் நீளம், இன்னொரு 3.75 மீட்டர் அகலம். மலை தானாகத் தட்டையாகும் இடமாகப் பார்த்து, ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விட வேண்டும். ஏப்ரல், மே கூட்டத்தில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத வெளியூர் டிரைவர் சிக்கினால் அரை மணி போகும், அதை மறைக்கவில்லை.

தீர்ப்புச் சொல்வது பராமரிப்புதான். மலை ரோட்டைக் கெடுப்பது லாரியைவிடத் தண்ணீர். மலைப்பக்க ஓடையில் ஒரு கூடை சருகு அடைத்தாலே போதும், தண்ணீர் ரோட்டைத் தாண்டி வெளி ஓரத்தை அரிக்கும். தாரில் பிறை வடிவில் மெல்லிய விரிசல் தெரியும். அந்தப் பிறைக்குள் இருக்கும் பகுதிதான் அடுத்த கனமழையில் இறங்கப்போவது. மேலே தார் ஊற்றி மினுக்கிப் பயனில்லை. முதலில் ஓடையைத் திற, விரிசல்மேல் தார்ப்பாய் போடு, கனவண்டியை நிறுத்து.

3 மீட்டர் வெட்டிலிருந்து விழும் மண்ணை இரண்டு பேர் மண்வெட்டியால் வாரிவிடலாம். 6 மீட்டர் வெட்டிலிருந்து பாறை வந்தால் ஜேசிபி வர வேண்டும். அடைமழையில் அது வந்து சேர்வதற்குள் லயத்தில் அரிசி தீர்ந்துவிடும்.

ரோட்டுக்கு அடியில் தண்ணீர் கடக்கும் குழாயில் கஞ்சம் பிடிக்காதீர்கள். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒரே மழையில் அடையும். 1 மீட்டர் குழாயில் ஆள் தவழ்ந்து போய் வார முடியும். மே முடிவதற்குள் ஒருமுறை, மழை நடுவில் ஒருமுறை வார வேண்டும். குழாய் முடியும் இடத்தில் தண்ணீரை வெறும் மண்ணில் விடாமல், கல் பதித்து இயற்கை ஓடைவரை கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அது நேராகக் கீழ் லயத்தின் பின்சுவரில் போய் முட்டும்.