புது வீட்டுக்கு ஃபர்னிச்சர்: ஆன்லைனா, ஆசாரியா, பழைய சாமானா?

சென்னையில் புதிதாக இரண்டு பெட்ரூம் வீடு வாங்கிக் குடிபோகிறவர்கள் பலர், கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு ஒரே கடையில் கட்டில், பீரோ, சோஃபா, டைனிங் டேபிள் என்று மொத்தமாக ‘காம்போ’ எடுத்துவிடுகிறார்கள். கடைக்காரர்கள் ஈ.எம்.ஐ. போட்டுத் தருகிறார்கள், வேன் வந்து இறக்கிவிட்டுப் போகிறது, ஒரே நாளில் வீடு நிறைந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. கட்டில் வாங்க நல்ல இடம் வேறு, பீரோ வாங்க நல்ல இடம் வேறு, சோஃபாவுக்கு அதுவும் வேறு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்தால் ஒன்றிரண்டு சாமான் நன்றாக அமையும், மற்றதெல்லாம் நாலைந்து வருஷத்தில் ஆட ஆரம்பிக்கும். அதனால் கடையை வைத்து ஒப்பிடாமல் சாமானை வைத்து ஒப்பிடலாம்.

முதலில் ஆன்லைன், ஏனென்றால் இப்போது பெரும்பாலானவர்கள் பார்ப்பது அங்கேதான். பெப்பர்ஃப்ரை, வேக்ஃபிட், ஐக்கியா என்று எதைத் திறந்தாலும் படம் அழகாக இருக்கும். ஐந்தடி அகலக் கட்டில் பத்தாயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பிக்கும். ஆசாரியிடம் போனால் தேக்கு மரத்துக்கே அதைவிட அதிகம் ஆகும் என்பதால் மனசு அங்கேயே சாய்ந்துவிடுகிறது. ஆனால் ‘என்ஜினியர்டு வுட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. பார்ட்டிகிள் போர்டும் என்ஜினியர்டு வுட்தான், மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப்.பும் அதுதான், ப்ளைவுட்டும் அதுதான். மூன்றுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் உண்டு. விவரப் பகுதியைக் கடைசி வரி வரை படித்து, எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று பார்த்துவிட வேண்டும். அது எழுதப்படவே இல்லையென்றால் நான் அந்தச் சாமானைத் தொட மாட்டேன்.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரச்சீவலையும் தூளையும் பசையில் குழைத்து அழுத்திய பலகை. மேலே ஒட்டிய மைக்கா தாள் பளபளவென்று இருக்கும், உள்ளே இருப்பது பொறபொறவென்ற சீவல்தான். ஷோரூமில் இருந்தால் ஒரு டிராயரை முழுசாக வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள், பின்பக்க விளிம்பில் தாள் ஒட்டாமல் விட்டிருப்பார்கள், அங்கே பலகையின் குணம் அப்படியே தெரியும். சீவல் சீவலாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. அட்டை மாதிரி ஒரே சீராக, பழுப்பாக இருந்தால் எம்.டி.எஃப். படலம் படலமாக அடுக்கு தெரிந்தால் ப்ளைவுட். பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை முடுக்கிய திருகாணியைக் கழற்றி மறுபடி அதே ஓட்டையில் போட்டால் முன்னளவுக்குப் பிடிக்காது. கீல் தளர்வதும், கட்டில் கிரீச்சிடுவதும், வீடு மாற்றும்போது பாகங்கள் விட்டுப்போவதும் அதனால்தான். இன்னொரு எதிரி தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய வீடுகளில், தண்ணீர் வடிந்த பிறகு ஊறி உப்பிப்போன பலகையை எப்படியும் சரிசெய்ய முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். நல்ல தேக்குக் கட்டில் என்றால் கழுவிக் காயவைத்து, பாலிஷ் போட்டு மறுபடி படுக்கலாம். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் வீடு வாங்கியிருப்பவர்கள் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இதற்காக ஆன்லைனே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்பு மேசை, சுவர் அலமாரி, டி.வி. ஸ்டாண்டு மாதிரி பாரம் குறைவாகவும் ஈரம் படாமலும் இருக்கிறவற்றுக்கு அந்தப் பலகை போதும், விலையும் நியாயம். ஒப்பந்த வேலையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று இருப்பவர்களுக்கும் அதுதான் சரி. ஆன்லைனிலேயே ஷீஷம், மாமரம் என்று முழு மரத்தில் செய்ததும் கிடைக்கிறது, நிறைய ஜோத்பூரிலிருந்து வருகிறது. ‘இந்தியன் ரோஸ்வுட்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் இந்த ஷீஷம்தான், நம் ஊர் ஈட்டி மரம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஷீஷம் உறுதியான மரம், கனமும் உண்டு, ஆனால் கட்டிலின் நடுவில் மெத்தையைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் அதே மரமா அல்லது வேறு ஏதோ கட்டையா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெங்களூருக்குப் போகிற வேலை இருந்தால் நாகசந்திராவில் 2022-ல் திறந்த ஐக்கியா கடையில் ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, எந்த விலைக்கு எந்தப் பலகை என்று கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது ஆசாரி. கட்டிலுக்கும் டைனிங் டேபிளுக்கும் என் வாக்கு இவருக்குத்தான். சட்டத்தின் கழுந்தை, அதாவது முனையில் நாக்கு மாதிரி செதுக்கிய பகுதியை, காலில் போட்ட துளைக்குள் இறக்கிப் பூட்டிய கட்டில் இருபது வருஷம் கழித்து ஆடினால்கூட, பிரித்து ஒரு ஆப்பு வைத்து இறுக்கினால் நின்றுவிடும். பலரும் ஆசாரியிடம் போகத் தயங்குவது கணக்குப் புரியாததால்தான். கணக்கு சுலபம். மரக்கடையில் விலை கன அடிக்கு. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். கட்டிலின் பக்கச் சட்டம் 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம், ஆறரை அடி நீளம் என்றால் ஒன்றுக்கு 0.4 கன அடி, இரண்டு சட்டத்துக்கு 0.8. தலைமாட்டுக் கால் 3-க்கு 3 அங்குலம், நாலடி உயரம் என்றால் இரண்டு காலுக்கு அரை கன அடி. இப்படி ஒவ்வொரு பாகத்தையும் ஒரு தாளில் எழுதி, இழைப்பில் போகிற சேதாரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால், மொத்தம் எவ்வளவு மரம் என்று நமக்கே தெரிந்துவிடும். அப்புறம் யார் என்ன விலை சொன்னாலும் மரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, பாலிஷ் எவ்வளவு என்று பிரித்துப் பேசலாம்.

மரத்தை நீங்களே கூடப்போய் எடுப்பது நல்லது. தேக்கில் நடுவில் இருக்கும் வைரம்தான் காசு பெறும். ஓரத்தில் வெளிறிய நிறத்தில் இருக்கும் வெள்ளையை வண்டு துளைக்கும், இரண்டு வருஷத்தில் கட்டிலுக்கு அடியில் மாவு மாதிரி தூள் கொட்டும். கலர் கலந்து பாலிஷ் அடித்துவிட்டால் வெள்ளையும் வைரமும் ஒன்று போலத் தெரியும் என்பதால், பாலிஷுக்கு முந்தைய நாள் போய் ஒவ்வொரு சட்டத்தையும் புரட்டிப் பார்ப்பது உங்கள் உரிமை, எந்த நல்ல ஆசாரியும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். மரம் நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும், ஈர மரத்தில் செய்த கட்டில் ஏ.சி. அறைக்குள் போனதும் வெடிப்பு விடும். தேக்குக்குக் காசு போதவில்லை என்றால் வேம்பும் வாகையும் பலாவும் இருக்கின்றன. வேம்பைக் கறையான் அவ்வளவு சீக்கிரம் அண்டாது. பலா புதிதில் மஞ்சளாக இருந்து போகப்போகச் செம்பழுப்பாகும், எனக்கு அந்த நிறம் தேக்கைவிடப் பிடிக்கும்.

ஆசாரி வேலையில் தாமதம் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஒரு வாரம் என்றால் மூன்று வாரம் ஆகும். தினக்கூலிக்கு விடாமல் மொத்தமாகப் பேசி, மரம் வந்ததும் ஒரு பங்கு, பூட்டியதும் ஒரு பங்கு, பாலிஷ் முடிந்ததும் மிச்சம் என்று கொடுத்தால் இழுபறி குறையும். அளவில் ஒரு விஷயம்: பல ஆசாரிகள் பழக்கத்தில் ஆறேகால் அடிக்கு ஐந்தடி என்று கட்டில் போட்டுவிடுவார்கள். கடையில் ‘குயின்’ என்று சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது 78-க்கு 60 அங்குல மெத்தை, அதாவது ஆறரைக்கு ஐந்து. மெத்தை அளவை முதலில் முடிவுசெய்து கட்டில் அளவை அதற்கேற்ப எழுதிக்கொடுங்கள். மூன்றாவது மாடி என்றால் போல்ட்டு போட்டுக் கழற்றுகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள், லிஃப்டில் ஆறரையடிச் சட்டம் ஏறாவிட்டாலும் படிக்கட்டில் தூக்கிப் போய்விடலாம்.

சமையலறை அலமாரி, லாஃப்டு கதவு மாதிரி ப்ளைவுட் வேலை என்றால் பலகையின் மேல் அச்சடித்திருக்கும் ஐ.எஸ். எண்ணை, அதாவது இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். 303 என்பது சாதாரண உபயோகத்துக்கான ப்ளைவுட், 710 என்பது கொதிநீருக்கும் தாக்குப்பிடிக்கும் மரைன் வகை. சிங்க்குக்குக் கீழே 710 போட வேண்டும், படுக்கையறை அலமாரிக்கு 303 தாராளம். மைக்கா ஒட்டிவிட்டால் அச்சு மறைந்துவிடும் என்பதால் பலகை இறங்குகிற அன்றைக்கே பார்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமானை யாரும் பெரிதாக யோசிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பொறுமையாகச் சுற்றினால் தேக்கு நாற்காலி, ஸ்டூல், மடக்கு மேசை எல்லாம் கண்ணில் படும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் இன்னொரு ரகம், அங்கே விலை அழகுக்கும் வயசுக்கும் சேர்த்துத்தான், ஆனாலும் ஒரு நல்ல பெஞ்சோ கண்ணாடிச் சட்டமோ நம் கைக்கு எட்டுகிற விலையில் மாட்டும். கால் ஆடுகிறதே என்று ஒதுக்க வேண்டாம், ஆட்டத்தைச் சரிசெய்யலாம். துளை இருக்கிறதா, அது பழையதா புதியதா என்பதுதான் முக்கியம். துளைக்குள் வெளிறிய நிறம் தெரிந்து, தட்டினால் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. சாமான் விலையோடு குட்டியானை வாடகையையும் புதுப் பாலிஷ் செலவையும் கூட்டிப் பார்த்து, அப்போதும் புதுசைவிடப் பாதிக்குக் குறைவாக வந்தால் தயங்காமல் எடுங்கள். பழைய சோஃபா, பழைய மெத்தை மட்டும் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், மூட்டைப்பூச்சி ஒருமுறை நுழைந்தால் வீட்டையே புரட்டிப்போட வேண்டும். ஊர் மாற்றலாகிப் போகிறவர்கள் ஓ.எல்.எக்ஸ். மாதிரி தளங்களில் விற்பதும் நல்ல வழிதான், நேரில் பார்க்காமல் முன்பணம் மட்டும் அனுப்பக் கூடாது. ராணுவத்தில் இருக்கிறேன், அவசரமாகக் கிளம்புகிறேன், க்யூ.ஆர். அனுப்புகிறேன் என்று யாராவது ஆரம்பித்தால் உடனே போனை வைத்துவிடுங்கள்.

பீரோ என்றால் இரும்புதான். கோத்ரெஜ் 1923-லிருந்து இரும்பு பீரோ செய்கிறது, நம் ஊர்ப் பட்டறைகளிலும் நல்லதாகவே செய்கிறார்கள். தகட்டின் கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிசாகும், 22 கேஜைவிட 20 கேஜ் தடிமன். கதவின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் டின் டப்பா மாதிரி உள்ளே போய்வந்தால் வேண்டாம். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் பவுடர் கோட்டிங் அவசியம், அடித்தகடு தரையில் உட்காராமல் கால் வைத்து நிற்கட்டும்.

சோஃபாவில்தான் ஏமாற வழி அதிகம், ஏனென்றால் சட்டமும் நுரையும் துணிக்குள் ஒளிந்திருக்கின்றன. முன்பக்க மூலை ஒன்றை அரையடி தூக்கிப் பாருங்கள், அதற்குள் மறு மூலைக் காலும் சேர்ந்து எழும்பினால் சட்டம் உறுதி, அது தரையிலேயே நின்று உடம்பு மட்டும் முறுக்கினால் பலவீனம். உட்காரும் நுரை 32 அடர்த்திக்கு (கன மீட்டருக்கு 32 கிலோ) குறைந்தால் சீக்கிரம் குழி விழும். என்னைக் கேட்டால் எல் வடிவ சோஃபாவுக்கு முன்னால் பிரம்பு சோஃபாவைப் பாருங்கள். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் தைக்கால் ஊரில் பிரம்பு வேலை பேர்போனது, சாலையோரக் கடைகளிலேயே பார்த்துப் பேசி வாங்கலாம். காற்றோட்டமாக இருக்கும், ஒருவரே தூக்கி நகர்த்தலாம், மெத்தை உறையைக் கழற்றித் துவைக்கலாம். 2025 செப்டம்பரிலிருந்து முழுக்கப் பிரம்பிலோ மூங்கிலிலோ செய்த ஃபர்னிச்சருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், மர ஃபர்னிச்சருக்கு 18.

அலங்காரத்துக்கு மாலில் விற்கும் அச்சடித்த படங்களிலும் பிளாஸ்டிக் செடிகளிலும் காசைக் கொட்டுவதைவிட, தரைக்கும் ஜன்னலுக்கும் செலவழித்தால் வீடு உடனே மாறித் தெரியும். ஹாலில் விரிக்கச் செயற்கை இழைக் கார்ப்பெட்டா, பவானி ஜமுக்காளமா என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜமுக்காளம் உதறி வெயிலில் போட முடியும், கார்ப்பெட் நம் ஊர்த் தூசியை உள்ளே வைத்துக்கொள்ளும். பவானி பெயரில் விசைத்தறி நகலும் விற்கிறார்கள், அதனால் கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குவது பத்திரம். பத்தமடைப் பாயில் பட்டுப் போன்ற மெல்லிய ரகம் விலை அதிகம், சாதாரண ரகமே பூஜை அறைக்கும் பால்கனிக்கும் அழகு. திரைச்சீலைக்கும் படுக்கை விரிப்புக்கும் கரூர், சென்னிமலை துணிகளைத் தேடி எடுங்கள். திரைக்குக் கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் இருந்தால்தான் மடிப்பு விழும், ஜன்னல் அகலத்துக்கே தைத்தால் விரித்துப் போட்ட வேட்டி மாதிரி தொங்கும். மேற்கு ஜன்னலுக்கு மட்டும் உள்ளே ஒரு லைனிங் துணி சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள், சாயங்கால வெயிலில் கட்டில் பாலிஷும் நிறம் மாறாமல் இருக்கும்.